அப்பா ஏந்திய ரைஃபிள்

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது கேம்ப் பெர்ரி. 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்துவரும் இடம். அங்கு நடக்கும் ஒரு போட்டிக்கு ஜான் கேரண்ட் என்பவரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் அமெரிக்கச் சிப்பாய்கள் சுமந்த எம்1 கேரண்ட் ரைஃபிளை, ராணுவம் கொடுத்த வடிவிலேயே இதற்குக் கொண்டுவர வேண்டும். பதக்கத்துக்காக வருகிறவர்கள் உண்டு. அப்பாவுக்காக வருகிறவர்களும் உண்டு.

கேரண்ட், கனடாவின் கியூபெக்கில் பிறந்து மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் வேலை பார்த்தவர். அவர் வடிவமைத்த ரைஃபிளை அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டியதில்லை. விசையை அழுத்தினால் போதும். 50 லட்சத்துக்கும் மேல் தயாரான இந்த ரைஃபிளுக்காக கேரண்ட் காப்புரிமைத் தொகை எதுவும் வாங்கவில்லை. உரிமையை அரசுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

போரிலிருந்து திரும்பிய அப்பாக்கள் பலர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் காலமான பிறகு பிள்ளைகள் காகிதங்களைத் தேடிப் போனால், அங்கும் ஏமாற்றம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியிருந்த ராணுவப் பணிப்பதிவுக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் சுமார் 80 சதவீதம் எரிந்துபோயின.

ஆனால் ரைஃபிள்கள் மிஞ்சியிருக்கின்றன. நேச நாடுகளுக்குக் கடனாகப் போன ஆயிரக்கணக்கான கேரண்ட்கள் தாயகம் திரும்பின. அவற்றைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்கிறது, 1996-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான சி.எம்.பி. என்ற அமைப்பு. வாங்குகிறவரின் பின்னணியைச் சோதித்த பிறகே ரைஃபிள் கைக்கு வரும். அப்பா தோளில் தொங்கிய அதே துப்பாக்கி கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம். ஆனால் வரிசை எண்ணைக் கொண்டு எந்த ஆண்டில் செய்தது என்று கண்டுபிடிக்கலாம். அப்பா படையில் சேர்ந்த ஆண்டுக்குரிய எண்ணைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

வாங்கிச் சுவரில் மாட்டுவதோடு சிலர் நிறுத்திக்கொள்கிறார்கள். சுட்டுப் பார்க்கிறவர்களுக்கோ வேறொன்று புரிகிறது. ரைஃபிளின் எடை 4 கிலோவுக்கும் மேல். கேம்ப் பெர்ரியில் இலக்கு 200 கெஜத்துக்கு அப்பால் இருக்கிறது. படுத்தபடி நிதானமாக 10 முறை, படுத்தபடி விரைவாக 10 முறை, நின்றபடி 10 முறை சுட வேண்டும். எட்டாவது தோட்டா போனதும், தோட்டாக்களைக் கோத்திருந்த காலி கிளிப் ‘டிங்’ என்ற ஓசையோடு எகிறி விழும். அடுத்த கிளிப்பை அழுத்தும்போது கவனம் பிசகினால் கட்டைவிரல் நசுங்கும். நின்று சுடும்போது கை நடுங்குகிறது, தோள் வலிக்கிறது. எதிரில் இருப்பது காகித இலக்குதான். பத்தொன்பது, இருபது வயதில், திருப்பிச் சுடும் எதிரிக்கு முன்னால் இதையே அப்பா செய்தார் என்பதை அந்த வலிதான் சொல்லிக் கொடுக்கிறது. மாலை போட்டு வணங்குவதைவிட இது நெருக்கமான மரியாதை.

இதே ரைஃபிள் இறுதிச் சடங்குகளிலும் ஒலிக்கிறது. முன்னாள் படைவீரர் சங்கங்களுக்கு ராணுவம் இதைக் கடனாகக் கொடுக்கிறது. வெற்றுத் தோட்டாக்களால் மூன்று முறை சுட்டுத் தோழனை வழியனுப்புகிறார்கள்.

அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அப்பா உயிரோடிருந்தால் சுடுதளத்துக்கு அழைத்துப் போங்கள். அருகில் உட்காரவைத்துப் பேச விடுங்கள். சொல்வதைப் பதிவு செய்யுங்கள். முன்னாள் வீரர்களின் வாய்மொழி நினைவுகளை வாங்கிப் பாதுகாக்கும் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2000-ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. கொரியப் போரில் நின்றவர்களில் மிக இளையவர்களுக்கே இப்போது வயது தொண்ணூறை ஒட்டிவிட்டது.