சிப்பிக்குள் ஒரு இன்ஜினீயரிங்!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுறீங்களா பாஸ்? தூத்துக்குடி பக்கம் வந்தா, ஒரு முத்துச்சிப்பி ஓட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. வானவில் மினுங்குதா? சாயம் எதுவும் கிடையாது! சுமார் அரை மைக்ரான் தடிமனில் அடுக்கடுக்கா சுண்ணாம்புத் தகடுகள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து செய்யும் ஜாலம் அது. நம்ம சர் சி.வி.ராமனே 1930-களில் இதை ஆராய்ந்திருக்கார்.

அடுத்த மேட்டர், கிராஃபீன். ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள். 2010-ல் நோபல் வாங்கித் தந்த கில்லாடி! ஆனா, மேலே விழும் வெளிச்சத்தில் 2.3 சதவிகிதத்தைத்தான் பிடிக்கும். லைட் சென்ஸார் செய்ய இது போதாதே? அதான், சிப்பி ஸ்டைலில் அடுக்கடுக்கா அமைச்ச கண்ணாடிகளுக்கு நடுவே தாளை வச்சாங்க. வெளிச்சம் போய்ப் போய்த் திரும்பி வர, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாட்டும். 2012-ல் வியன்னாவில் இப்படியே 60 சதவிகிதத்தைத் தாண்டிட்டாங்க!

1961-க்குப் பிறகு எங்க கடல்ல முத்துக்குளிப்பு இல்லை. சிப்பி நடத்துற பாடம் மட்டும் இன்னும் முடியலை!