விஸ்கி பிடிக்க ஆரம்பிக்கிற வயசு எது? நாக்கும் உடம்பும் போடுகிற இரண்டு கணக்குகள்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் உத்தண்டி டோல்கேட்டைத் தாண்டி வரிசையாக கார்கள் தெற்கே போகும். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் என்று ஆளுக்கொரு இடம். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் கோவளத்தின் ரிசார்ட் பார்களில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கவனித்தால், இரண்டு வகை டேபிள்கள் கண்ணில் படும்.

ஒன்றில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பசங்க. விஸ்கியில் பாதிக்கு மேல் கோலா, கிளாஸ் நிறைய ஐஸ். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. முகம் கோணும், கை தானாக சிக்கன் 65 தட்டுக்குப் போகும். பக்கத்து டேபிளில் நாற்பதைத் தாண்டியவர்கள். ஆளுக்கு ஒரு பெக், கூடவே ஒரு டம்ளர் தண்ணீர். அந்த ஒரு பெக் முக்கால் மணி நேரம் ஓடும்.

இரண்டு டேபிளுக்கும் வந்தது ஒரே பிராண்டாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒருத்தருக்கு அது சகித்துக்கொள்ள வேண்டிய கசாயம், இன்னொருத்தருக்கு ரசிக்கிற விஷயம். இந்த இருபது வருஷத்தில் நடுவில் என்ன நடக்கிறது? விஸ்கியின் ருசி பிடிபடுவதற்கு என்று ஒரு வயசு இருக்கிறதா?

முதல் மடக்கு ஏன் எரிகிறது?

முதலில் ஒரு விஷயம். அந்த எரிச்சல் விஸ்கியின் சுவையே கிடையாது. நம் வாயில் சூட்டை உணர்வதற்கென்று டி.ஆர்.பி.வி-1 என்ற ஏற்பி இருக்கிறது. வழக்கமாக சுமார் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது 'சுடுது' என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். ஆல்கஹால் பட்டதும் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் உடம்பின் சூடே 37 டிகிரி. ஆக, நம் வாய்ச் சூடே நமக்குச் சுட ஆரம்பிக்கிறது. மிளகாயின் காரம் வேலை செய்வதும் இதே ஏற்பியில்தான்.

மிளகாய் கதை நமக்குத் தெரிந்ததுதானே? ரசத்தில் ஒரு மிளகு கடிபட்டாலே அழுகிற குழந்தை, பத்து வயசில் ஆவக்காய் ஊறுகாய்க்குச் சண்டை போடும். காபியும் அப்படித்தான். டிகாஷனை யாரும் முதல் நாளே விரும்பிக் குடித்ததில்லை. பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பழகி, பிறகு 'கொஞ்சம் ஸ்ட்ராங்கா' என்று கேட்கும் இடத்துக்கு வருகிறோம். குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட கசப்பு கூடுதலாகத் தெரியும். விஷத்தன்மை உள்ள பல தாவரங்கள் கசக்கும் என்பதால் இது இயற்கை தந்த பாதுகாப்பு. பாகற்காய் பிடிக்கவே வயசு ஏற வேண்டியிருக்கிறது.

விஸ்கியைப் பிடித்துப் பிறந்தவர் யாரும் இல்லை. அது பழகிக்கொள்கிற ருசி. சிக்கலும் இங்கேதான். குடிக்கிறவருக்கு அது இரண்டு பாடங்களை நடத்துகிறது. ஒன்று போதை, இன்னொன்று ருசி. முதல் பாடம் ஒரே ராத்திரியில் மனப்பாடம் ஆகிவிடும். இரண்டாவதற்கு வருஷங்கள் ஆகும். பலர் முதல் பாடத்தோடு படிப்பை முடித்துக்கொள்கிறார்கள்.

வயசானால் நாக்கு கூர்மையாகுமா?

'வயசு ஏற ஏற நாக்கு பக்குவப்படும்' என்று விஸ்கி பிரியர்கள் சொல்வது வழக்கம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உடலியல் இதற்கு நேர் எதிர். நாம் 'ருசி' என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. ஜலதோஷம் பிடித்தால் பிரியாணியும் சப்பென்று ஆவது அதனால்தான். அந்த மோப்பத் திறன் இளமையில் நன்றாக இருந்து, பிறகு மெல்லக் குறைகிறது. அறுபதைத் தாண்டிய பலருக்கு நன்றாகவே குறைந்துவிடும். கருவியை மட்டும் பார்த்தால் இருபத்திரண்டு வயதுப் பையனின் மூக்குதான் உசத்தி.

அப்படியிருந்தும் நாற்பதுக்காரர் ரசிக்கிறார் என்றால் காரணம் வேறு. அவருக்கு நினைவில் வாசனைகளின் இருப்பு அதிகம். வெல்லப்பாகு, வறுத்த முந்திரி, உலர்திராட்சை, பழுத்த பலா, மழையில் நனைந்த மரம், அணைந்த அடுப்பின் புகை என்று எதையாவது முகர்ந்தால் பொருத்திப் பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. விஸ்கியில் இவற்றின் சாயல் வருவது கற்பனை அல்ல. ஓக் மரப் பீப்பாயில் இருந்து வெனிலா வாசனை தரும் வெனிலின் இறங்குகிறது. பீட் என்ற கரிமண்ணை எரித்து பார்லியை உலர்த்தினால் புகை வாசனை ஏறுகிறது.

இரண்டாவது காரணம் அவசரமின்மை. யாருக்கும் நிரூபிக்க எதுவும் இல்லை, 'மச்சி, ராவா அடிச்சுக் காட்டு' என்று சீண்டுகிற ஆளும் இல்லை. மூன்றாவது, காசு. வெளிநாட்டு ஸ்காட்ச்சுக்கு இந்தியா பல ஆண்டுகளாக 150 சதவிகித இறக்குமதி வரி போட்டுவந்தது. அதனால் நம்ம ஊரில் பலருக்கு முதல் நல்ல விஸ்கி என்பது கடையில் வாங்கியது அல்ல. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மாமாவோ மச்சானோ ஏர்போர்ட்டில் வாங்கி வந்த பாட்டில். அது ஷோகேஸில் உட்கார்ந்து, ஏதோ ஒரு விசேஷத்துக்குத் திறக்கப்படும்போது முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் அந்த வரியை முதலில் 75 சதவிகிதமாகவும், பத்தாண்டுகளில் 40 சதவிகிதமாகவும் குறைக்க வழிசெய்கிறது. நல்ல விஸ்கியைச் சந்திக்கும் வயசு இனி இன்னும் கீழே வரலாம்.

கள்ளில் தொடங்கி டாஸ்மாக் வரை

தமிழர்களுக்கு மது புதுசு அல்ல. ஆனால் பீப்பாயில் பழமையாக்கிய மது புதுசு. இதே ஈ.சி.ஆர் ஓரத்துப் பனைகளின் கள், காலையில் இறக்கினால் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். அதன் ருசியே புதுசாக இருப்பதில்தான். பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் மூடிவைத்துக் காத்திருக்கும் சங்கதி கடல் கடந்து வந்தது. 1826-ல் ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மெட்ராஸில் தொடங்கிய வியாபாரம்தான் பின்னாளில் இந்தியா முழுக்கத் தெரிந்த மெக்டவல் பெயரானது. அப்போது அது வெள்ளைக்காரர்களுக்காக இறக்குமதியான சரக்கு.

அதன்பிறகு மதுவிலக்கு. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கியது, 1948-ல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்த்தப்பட்டு, 1974-க்குள் மறுபடி மூடப்பட்டு, 1981-ல் மீண்டும் திறந்தது. 1950-ல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 21 ஆனபோது கடை திறந்தது, 24-ல் மூடியது, 31-ல் மறுபடி திறந்தது. நடுவில் குடித்தவர்கள் ஒளிந்து குடித்தார்கள். ஒளிந்து குடிக்கிறவர் கிளாஸை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருக்க முடியாது. சீக்கிரம் உள்ளே தள்ள வேண்டும். நம்ம ஊர் 'ஒரே கல்ப்' பழக்கத்துக்கு அந்தக் காலத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003-ல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கைக்கு வந்தது. அதன்பிறகு 21 வயதானவர்களுக்கு அறிமுகமானது 180 மில்லி குவார்ட்டர், பிளாஸ்டிக் டம்ளர், வாட்டர் பாக்கெட். அதிலும் நம்ம ஊர் பெரும்பாலும் பிராந்திக்காரர்கள் ஊர். 'சளிக்கு நல்லது, உடம்புக்கு ஒத்துக்கும்' என்று மருந்து வேஷத்தில் வீட்டுக்குள் நுழைந்தது அதுதான். பீர், பிராந்தி என்று சுற்றிவிட்டுத்தான் பலர் விஸ்கி பக்கம் வருகிறார்கள்.

சட்டப்படி குடிக்கலாம் என்கிற வயசும் சாலையோடு மாறும். கோவளத்தில் 21. இதே ஈ.சி.ஆரில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போய் புதுச்சேரிக்குள் நுழைந்தால் 18. கேரளாவில் 23, டெல்லியில் 25. மதுவிலக்கு உள்ள குஜராத்தில் உடல்நலக் காரணம் காட்டி பெர்மிட் வாங்க 40 வயது தாண்டியிருக்க வேண்டும்.

பாட்டிலில் இருக்கும் வயசு

விஸ்கிக்கும் வயசு உண்டு. லேபிளில் '12' என்று போட்டிருந்தால், அதில் கலந்த விஸ்கிகளிலேயே இளையது 12 வருஷம் பீப்பாயில் இருந்தது என்று அர்த்தம். பாட்டிலில் அடைத்ததும் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். 12 வருஷ பாட்டிலை பீரோவில் பத்து வருஷம் வைத்திருந்தாலும் அது 22 ஆகாது.

ஸ்காட்லாந்தில் குறைந்தது மூன்று வருஷம் பீப்பாயில் இருந்தால்தான் விஸ்கி என்ற பெயரே கிடைக்கும். அங்கே வருஷத்துக்கு சுமார் 2 சதவிகிதம் ஆவியாகப் போகும். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்குச் செல்லப்பெயர். நம்ம ஊர் வெயிலில் அந்தத் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். பத்து சதவிகிதம், அதற்கு மேலும் போகும். அதே வெயில் மரத்தின் சாரத்தையும் வேகமாக இழுப்பதால், இங்கே நாலைந்து வருஷத்திலேயே விஸ்கி முதிர்ந்துவிடும். பெங்களூருவின் அம்ருத் நிறுவனம் 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகப்படுத்தியது. 2010-ல் ஜிம் முர்ரேயின் விஸ்கி கையேடு அதன் 'ஃப்யூஷன்' விஸ்கிக்கு உலகில் மூன்றாம் இடம் கொடுத்தது.

ஆனால் நம் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பெரும்பாலான விஸ்கி வேறு ரகம். கரும்பாலைக் கழிவான மொலாசஸில் இருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் கலந்தது. ஐரோப்பிய விதிகளின்படி மொலாசஸ் சரக்கை விஸ்கி என்று விற்க முடியாது. இருபது வயதில் 'விஸ்கி பிடிக்கல' என்று சொன்ன பலர் உண்மையில் விஸ்கியைச் சந்திக்கவே இல்லை என்றும் சொல்லலாம்.

ரசிக்கிறவர் வேறு என்ன செய்கிறார்?

மாயம் எதுவும் இல்லை. ஐஸை நிரப்புவதில்லை, அதிகக் குளிர்ச்சி வாசனையை அமுக்கிவிடும். கொஞ்சம் தண்ணீர் சேர்க்கிறார். அதற்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் சேரும்போது, புகை வாசனை தரும் குவாயகோல் என்ற மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்று 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி மூலம் விளக்கினார்கள். முகர்கிறார், ஒரு வாய் எடுக்கிறார், கிளாஸைக் கீழே வைக்கிறார். அந்தக் கீழே வைப்பதுதான் முக்கியம்.

உடம்பு போடும் கணக்கு

ருசி பிடிபடும் வயசில் உடம்பு தன் கணக்குப் புத்தகத்தைத் திறக்கிறது. வயசு ஏறினால் உடலில் நீரின் அளவு குறையும். அதனால் 25-ல் குடித்த அதே அளவு 50-ல் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். பெண்களுக்கு எந்த வயதிலும் இது பொருந்தும். அவர்கள் உடலில் நீரின் பங்கு ஆண்களைவிடக் குறைவு. சுகர், பி.பி, தூக்க மாத்திரை என்று மருந்துகளும் சேர்ந்தால் ஆபத்து இரட்டிப்பு.

இளம் வயசுக்கும் தனிக் கணக்கு உண்டு. முடிவெடுக்கும், அவசரத்தைக் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர சுமார் 25 வயது ஆகிறது. அதற்கு முன் பழகும் போதை ஆழமாக வேர்விடுகிறது. எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவு அடிமையாகும் வாய்ப்பு அதிகம்.

எண்களிலும் பார்க்கலாம். 42.8 சதவிகித விஸ்கியில் 30 மில்லி ஸ்மால் ஒன்றில் சுமார் 10 கிராம் ஆல்கஹால். ஒரு குவார்ட்டரில் 60 கிராம். ஒரு ஸ்மாலைக் கரைக்கவே கல்லீரலுக்கு சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். ராத்திரி 11 மணிக்கு முடித்த குவார்ட்டர், விடியற்காலை கோவளம் கடலில் கால் நனைக்கும்போதும் ரத்தத்தில் இருக்கலாம். அலை இழுத்தால் சமாளிக்க வேண்டிய கைகால்கள் அப்போது நம் சொல் பேச்சு கேட்காது. அதோடு சென்னைக்கு வண்டி ஓட்டினால் சட்டமும் நிற்கிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குற்றம். முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வேகமாகக் குடித்த ஒரு லார்ஜே பலரை அந்த வரம்பைத் தாண்டவைக்கும்.

'நல்ல சரக்கு ஒண்ணும் பண்ணாது' என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டியதுதான். விலை கூடினாலும் உள்ளே இருப்பது அதே எத்தனால். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் மதுவும் இருக்கிறது.

அப்போ, சரியான வயசு?

சட்டத்துக்கு 21. மூளைக்கு 25. பர்ஸுக்கு முப்பதுகள். பொறுமைக்கு அவரவர் நேரம். ஒரு பெக்கோடு கிளாஸைக் கவிழ்த்துவைக்க முடிகிற வயசு எதுவோ, அதுதான் விஸ்கியை ரசிக்க ஆரம்பித்த வயசு. அது சிலருக்கு 28-ல் வரும். சிலருக்கு 60-லும் வராது. 'எனக்கு எல்லா பிராண்டும் தெரியும்' என்பவருக்கு முதல் பாடம் மட்டும்தான் தெரிந்திருக்கலாம்.

இதுவரை தொடாதவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. ருசி பார்க்க உலகத்தில் வேறு எவ்வளவோ இருக்கிறது; ஈ.சி.ஆர் ஓரத்தில் சித்திரை மாசம் விற்கிற நுங்குக்கு வயசு வரம்பும் கிடையாது, அடுத்த நாள் தலைவலியும் கிடையாது. தொட்டவர்கள் வாரத்துக்கு ஒருமுறை தங்களையே கேட்டுக்கொள்ளலாம்: இப்போது குடிப்பது ருசிக்கா, போதைக்கா? பதில் தடுமாறினால், உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ நிறுத்த முடியவில்லை என்றால், 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். அதற்கும் வயசு ஒரு தடையே இல்லை.