சுத்தியலைக் கீழே வைங்க பாஸ்... ஆக்ஸில் தானா உள்ளே போகும்!

பம்மல்னு சொன்னதும் பலருக்கும் கமல் படம்தான் ஞாபகம் வரும். ஆனா, பல்லாவரம் - குன்றத்தூர் ரோட்டில் காலையில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. கேட்டரிங் பாத்திரம், தண்ணி கேன், ஸ்கூல் பசங்கன்னு எதையாவது ஏத்திக்கிட்டு ஒரு ஆம்னி உங்களை முந்திட்டுப் போகும். 1984-ல் அறிமுகமாகி 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் இன்னிக்கும் சோறு போடுறது அதுதான்.

அப்படி ஒரு வண்டி உங்க வீட்டிலும் இருக்குன்னு வெச்சுக்குவோம். பின்சக்கரத்தில் 'கொர்ர்ர்'னு சத்தம். பேரிங் போயிடுச்சு. ஆக்ஸிலை உருவி, புது பேரிங் போட்டாச்சு. திரும்ப மாட்டும்போது, கடைசி விரற்கடை அளவு மட்டும் உள்ளே போகவே மாட்டேங்குது. பக்கத்தில் சுத்தியல் இருக்கு. கை தானா அங்கே போகுது. அங்கேதான் நிறுத்தணும்!

உள்ளே என்ன நடக்குது?

ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்குக் கீழே. ஓடுறது பின்சக்கரம். நடுவில் இருக்கும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், சக்தியைப் பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியலுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து இடது, வலதுன்னு இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்கள் சக்கரங்களுக்குப் பிரியும்.

டிஃபரன்ஷியல் எதுக்கு? ஒரு யு-டர்ன் போடுங்க. பின்சக்கரங்களுக்கு நடுவில் 1.2 மீட்டர் இடைவெளின்னு வெச்சுக்கிட்டா, வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட சுமார் 3.8 மீட்டர் அதிகமா ஓடியாகணும். இரண்டும் ஒரே வேகத்தில் சுத்தினா, டயர் தேய்ஞ்சு இழுக்கும். அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் டிஃபரன்ஷியலுக்குள்ளே பக்கத்துக்கு ஒரு சைடு கியர்.

ஆக்ஸில் ஷாஃப்ட்டின் உள்முனையில் நீளவாக்கில் வரிவரியா பல் வெட்டியிருப்பாங்க. அதுதான் ஸ்பிளைன். சைடு கியரின் துளைக்குள்ளும் அதே மாதிரி பள்ளங்கள் இருக்கும். மேடு பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் உள்ளே போகும். மேடும் மேடும் முட்டினா, நீங்க யானை பலம் கொடுத்தாலும் போகாது.

ஒரு சின்னக் கணக்கு

உதாரணத்துக்கு, ஷாஃப்ட்டில் 24 பல் இருக்குன்னு வைங்க. 360-ஐ 24-ஆல் வகுத்தா 15. அதாவது, ஷாஃப்ட்டை 15 டிகிரி திருப்புறதுக்குள்ளே பல் ஒருமுறை நேரா வந்தே தீரும். கடிகாரத்தில் அரைமணி நேரத்துக்குச் சின்ன முள் நகரும் தூரம்தான் அது!

அப்போ, ஷாஃப்ட்டைப் பாதி சுத்து திருப்பியும் உள்ளே போகலைன்னா, பிரச்னை திருப்புறதில் இல்லை. ஷாஃப்ட் சாய்ஞ்சிருக்கு. நீளமான இரும்புக் கம்பி, உள்முனை தன் எடையிலேயே கீழே தொங்கும். சைடு கியரின் துளை அதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பலரும் மாட்டிக்கிற இடம் இதுதான்.

சரி, எப்படிப் போடணும்?

முதல்ல பாதுகாப்பு. இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தில்தான், கியரில் போட்டு நிறுத்தினாலும் பிடிக்கிறது பின்சக்கரத்தைத்தான். பின்பக்கத்தைத் தூக்கிட்டா இரண்டுமே வண்டியைப் பிடிக்காது. அதனால, சமதளமான தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போடுங்க.

அடுத்து, ஸ்பிளைனைத் துடைச்சு கொஞ்சம் கியர் ஆயில் தடவுங்க. ஆயில் சீலின் உதட்டில் லேசா கிரீஸ். ஷாஃப்ட்டை இரண்டு கையிலும் ஏந்தி, சீல் மேலே எடை விழாம நேரா உள்ளே விடுங்க. முனை 'டக்'னு சைடு கியரில் தட்டும். இப்போ, வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் அமுக்கினா உள்முனை மேலே எழும். அப்படியே பிடிச்சுக்கிட்டு மெதுவா இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்புங்க. தள்ளுறது விரல் பலத்தில் இருந்தா போதும்.

இன்னும் அடம்பிடிக்குதா? வண்டியை நியூட்ரலில் வெச்சு, எதிர்ப்பக்கச் சக்கரத்தை ஒருத்தரை மெதுவா திருப்பச் சொல்லுங்க. இந்தப் பக்க சைடு கியரும் உள்ளே நகரும். பல்லும் பள்ளமும் சந்திக்கிற அந்த நொடியில், ஷாஃப்ட் வெண்ணெயில் கத்தி மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகும்.

போல்ட் போட்டு இழுக்கலாமா?

கூடவே கூடாது! பல் சேர்ந்து, வெளிப்பக்க பிளேட் ஏறக்குறைய தன் இடத்துக்கு வந்த பிறகுதான் நட்டைத் தொடணும். முட்டிக்கிட்டு நிக்கும்போது நட்டை முறுக்கி இழுத்தாலோ, சுத்தியலால் அடிச்சாலோ பல்லின் முனை நசுங்கும், பேரிங் அடிபடும். ஆயில் சீல் கிழிஞ்சா இன்னும் ஆபத்து. கியர் ஆயில் கசிஞ்சு பிரேக் ஷூவில் இறங்கும். ஒரு பக்கம் பிரேக் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். பின்னால் ஸ்கூல் பசங்க உட்கார்ந்திருக்கும்போது அப்படி ஆனா?

ஒரு லோக்கல் பெருமை

இந்த ஆக்ஸில் கதை நம்ம ஏரியாவுக்குப் புதுசில்லை. 1960-களில் வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரிச்சாங்க. அதில் பின்சக்கரங்கள் தனித்தனியா ஆடும் ஸ்விங் ஆக்ஸில். பிறகு 1970-களில் வந்த கேஸல் காரில் அதை விட்டுட்டு, ஒரே குழாய்க்குள் இரண்டு ஷாஃப்ட்டும் ஓடும் ஆக்ஸிலுக்கு மாறினாங்க. ஆம்னியில் இருப்பதும் இந்த ரகம்தான்.

சாவி கொடுக்கும் முன்

வேலையை மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டாலும் மூணு விஷயம் கேளுங்க. புது ஆயில் சீல் போட்டாச்சா? வடிஞ்ச கியர் ஆயிலை ஃபில்லர் துளை விளிம்புவரை ஊத்தியாச்சா? பிரேக் ஷூவில் எண்ணெய் படலையே? ரெண்டு நாள் ஓட்டிட்டு, சக்கரத்தின் உள்பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. காய்ஞ்சிருந்தா நிம்மதி. ஈரம் தெரிஞ்சா, அன்னிக்கு சவாரி வேண்டாம். நேரா ஒர்க்‌ஷாப்புக்குச் சொல்லி அனுப்புங்க!