கழற்றிய டயர் எங்கே போக வேண்டும்?

கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லோரிகள் செலாயாங் பாசார் போரோங்குக்கு வந்து சேர்கின்றன. மலைவளைவும் பாரமும் அவற்றின் டயர்களைச் சீக்கிரம் தேய்த்துவிடும். மலேசியாவில் பதிவான வாகனங்கள் 2023 இறுதியில் 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டின. மக்கள்தொகையைவிட இது அதிகம். தேய்ந்த டயர்களை எடுத்துச்செல்ல ஆள் வராவிட்டால் அவை டயர் கடைக்குப் பின்னாலேயே குவியும்.

குவிந்தால் ஆபத்து. டயரின் உள்வளைவில் தேங்கும் மழைநீர் லேசில் வடியாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். நாட்டில் டிங்கி அதிகம் பதிவாகும் மாநிலமோ நம் சிலாங்கூர்.

பிளாஸ்டிக் போத்தலை உருக்குவதுபோல் டயரை உருக்க முடியாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போதே ரப்பர் நிரந்தரமாகப் பிணைந்து இறுகிவிடுகிறது. ஆகவே முக்கிய வழிகள் மூன்று:

1. செலுப்: உடல் கெடாத லோரி டயரில் தேய்ந்த மேல்பட்டையைச் சுரண்டிவிட்டுப் புதிய பட்டை ஒட்டுவது. புது டயருக்குத் தேவையான மூலப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே இதற்குச் செலவாகும்.

2. துகள்: அரைத்து, இரும்புக் கம்பியைக் காந்தத்தால் பிரித்து, ரப்பர் துகளை விளையாட்டுத் திடல் விரிப்புக்கும் சாலைத் தாருக்கும் கொடுப்பது.

3. பைரோலிசிஸ்: காற்றில்லாத கலனில் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி எண்ணெய், கரி, இரும்பு எடுப்பது. முதல் இரண்டுக்கும் உதவாத டயர் மட்டுமே இங்கே போக வேண்டும்.

மூன்றாவது வழிக்குக் கடுமையான கண்காணிப்பு தேவை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த வழக்கில் பழைய டயர் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றின்மீதும் குற்றம் சாட்டப்பட்டது.

கடையிலிருந்து ஆலைவரை டயர் போகும் சங்கிலி ஏன் அடிக்கடி அறுகிறது? முதல் காரணம் ஏற்றுக்கூலி. டயரின் நடுவெல்லாம் வெற்றிடம் என்பதால், எடை சேரும் முன்பே லோரி நிறைந்துவிடும். அடுத்தது, ஒரே வாங்குபவரை நம்புவது. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் டயர் எண்ணெய்க்கும் கிராக்கி குறையும். ஆலை கொள்முதலை நிறுத்தும். கடைக்குப் பின்னால் குவியல் ஏறும்.

சரிசெய்யும் வேலை, டயரைக் கழற்றும் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும். பக்கச்சுவரில் வெட்டு உண்டா, கம்பி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கச்சுவரிலுள்ள கடைசி நான்கு இலக்கம் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. செலுப்புக்குத் தேறுவதை அப்போதே தனியாக எடுத்துக் கூரையின்கீழ் வைக்க வேண்டும்; வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நல்ல டயரும் வீணாகும். மற்றவற்றை அருகிலேயே துண்டாக்கினால் ஒரே நடையில் அதிகம் ஏற்றலாம். வாங்குபவர் குறைந்தது இருவராவது இருந்தால் ஒருவர் நின்றாலும் வேலை நிற்காது.

செலவை யார் ஏற்பது? இந்தியா 2022-இல் கொண்டுவந்த விதி, டயர் தயாரிப்பாளர்களையும் இறக்குமதியாளர்களையும் மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியது. மலேசியாவுக்கும் அந்தப் பாதை பொருந்தும். அதற்குக் காத்திராமல், எத்தனை டயர் எந்த ஆலைக்குப் போனது என்ற சீட்டைக் கடை உரிமம் புதுப்பிக்கும்போது செலாயாங் நகராண்மைக் கழகம் கேட்கலாம். டயர் மாற்றப்போகும் நாமும் கடைக்காரரிடம் அதையே கேட்போம்; பதில் சொல்லத் தெரிந்த கடைக்கே நம் காசைக் கொடுப்போம்.