திருவாதிரையின் ஒளி ஏன் குன்றிற்று?

மார்கழித் திருவாதிரையன்று களி கிண்டும் வீடுகள் நம் நாட்டில் பல. எனினும், அந்நாளுக்குப் பெயர் தந்த நட்சத்திரம் இன்னதென்று சுட்டிக்காட்ட வல்லவர் சிலரே. திருநாளில் முழுமதி அதனருகே நிற்பதால் அது எடுப்பாகத் தோன்றுவதில்லை. பத்து நாள் கழித்து, நிலவில்லாத முன்னிரவில், எட்டு மணியளவில் கிழக்கு வானை நோக்குக. ஒரே வரிசையில் நிற்கும் மூன்று மீன்கள் தென்படும். அவற்றிற்கு இடப்புறத்தே செந்நிறமாய் ஒளிர்வதே திருவாதிரை. மேனாட்டார் அதனைப் பெட்டல்ஜூஸ் என்பர். நம் கதிரவன் இருக்குமிடத்தில் அதை வைத்தால், செவ்வாயின் பாதையையும் அது விழுங்கிவிடும்.

அதன் ஒளி கூடியும் குறைந்தும் வருவதை 1836-இல் ஜான் ஹெர்ஷல் கண்டார். ஆனால் 2019-இன் இறுதியில் தொடங்கிய மங்கல் வழக்கத்திற்கு மாறானது. 1920-களிலும் பின்னரும் எடுக்கப்பட்ட கணக்குகளோடு ஒப்பிட்டோர் வியந்தனர். 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்காயிற்று. நட்சத்திரம் வெடிக்கப் போகிறது என்ற பேச்சு உலகெங்கும் பரவிற்று. ஏப்ரலுக்குள் ஒளி மீண்டுவிட்டது. சிலி நாட்டுப் பெருந்தொலைநோக்கியால் ஆராய்ந்தோர் 2021-இல் காரணம் கூறினர்: நட்சத்திரம் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி, நமக்கும் அதற்கும் இடையே திரையிட்டது, அதன் மேற்பரப்பில் ஒரு பகுதியும் குளிர்ந்திருந்தது. இவையெல்லாம் நிகழ்ந்தது உண்மையில் பல நூறு ஆண்டுகளுக்கு முன். ஒளி நம்மை வந்தடைய அத்தனை காலம் பிடிக்கிறது. திருவாதிரை ஒருநாள் வெடிப்பது உறுதியே. அது ஒரு லட்சம் ஆண்டுக்குள் நேரலாம் என்பர். அத்தொலைவிலிருந்து நமக்குத் தீங்கு வாராது. பகலிலும் அதைக் காணலாம், அவ்வளவே.

இம்மங்கலைக் கண்காணித்தோரில் கருவியின்றி வெறுங்கண்ணால் பார்த்த பொதுமக்களும் உண்டு. அவர்கள் செய்தது நெசவாளர்க்குப் பழகிய வேலைதான். சாயமிட்ட இரு நூற்சிட்டங்களை அருகருகே பிடித்து எது அழுத்தம் என்று பார்ப்பதில்லையா? அவ்வாறே திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிடுக. ரோகிணியும் சிவந்த மீனே. வழக்கமாகத் திருவாதிரையே ஒளி மிக்கது. 2020 பிப்ரவரியில் ரோகிணி முந்திவிட்டது. தாழ்வாய் நிற்கும் மீன் காற்றின் தடிப்பால் மங்கித் தோன்றுமாதலால், இரண்டும் உயர ஏறிய பின், ஒன்பது மணிக்கு மேல் பார்ப்பது நலம். விளக்கொளியை விட்டு விலகிக் கால் மணி நேரம் இருளில் நின்றால்தான் கண் பழகும். தேதி, மணி, எது ஒளி மிக்கது என்னும் மூன்றையும் குறித்து வைத்தால் போதும். வைகாசியில் திருவாதிரை மேற்கே சாய்ந்து கதிரவன் ஒளியில் மறையும். கார்த்திகை இறுதியில் முன்னிரவுக் கிழக்கில் மீண்டும் எழும்.