பால்மாவு: கரைக்கும் முறையும் பாதுகாக்கும் முறையும்

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே குழந்தைக்குப் போதுமானது. மருத்துவக் காரணங்களால் பால்மாவு கொடுக்க நேரிடின், பெற்றோர் ஒன்றை அறிந்திருத்தல் அவசியம்: புதிதாகத் திறந்த டப்பாவிலுள்ள மாவும் முற்றிலும் கிருமியற்றதன்று. குரோனோபாக்டர், சால்மொனெல்லா ஆகிய பாக்டீரியாக்கள் அதில் இருக்கக்கூடும். இவற்றால் நோய் வருவது அரிதே. எனினும், இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் குரோனோபாக்டர் தொற்று உயிருக்கே ஆபத்தாகலாம்.

கொதித்து ஆறிய நீர் ஏன் போதாது?

நீரைக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பின் மாவைக் கலப்பது பலரது வழக்கம். இதனால் நீரிலுள்ள கிருமிகள் அழியும், மாவிலுள்ளவை அழியா. எனவே, கலக்கும்போது நீரின் வெப்பம் 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையலாகாது என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, 30 நிமிடங்களுக்குள் பயன்படுத்துங்கள்.

தயாரிக்கும் முறை

1. கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.
2. புட்டி, நிப்பிள், மூடி ஆகியவற்றைக் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியபின், நீரில் மூழ்கவைத்து 5 நிமிடங்கள் கொதிக்க விடுங்கள். பாலாடையைத் தூய்மை செய்வது புட்டியைவிட எளிது.
3. முதலில் நீரை அளந்து ஊற்றி, டப்பாவிலுள்ள கரண்டியால் தலைதட்டி மாவைச் சேருங்கள். மாவு குறைந்தால் குழந்தையின் எடை கூடாது. மிகுந்தால் உடலில் நீரிழப்பு ஏற்படும்.
4. மூடிய புட்டியைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஒரு சொட்டு விட்டுச் சூட்டைச் சோதித்த பின்னரே புகட்டுங்கள்.

பாதுகாக்கும் முறை

ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கரைப்பதே சிறந்தது. கரைத்த பாலை 2 மணி நேரத்திற்குள் கொடுத்துவிடுங்கள். குழந்தை குடித்து மீந்ததைக் கொட்டிவிடுங்கள். முன்கூட்டியே கரைக்க நேரிடின், உடனே ஆற்றி, 5 டிகிரிக்கு மிகாத குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். மீண்டும் சூடாக்க, வெந்நீரில் 15 நிமிடங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பைத் தவிருங்கள்.

கரைத்த பாலைப் பிளாஸ்கில் வைக்கவே கூடாது. அந்த இளஞ்சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும். பயணத்தின்போது வெந்நீரையும் மாவையும் தனித்தனியே எடுத்துச் செல்லுங்கள்.

உடனடி மருத்துவ உதவி

காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், உடல் தளர்தல், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலந்தாழ்த்தாமல் அரசு மருத்துவமனையை அணுகுங்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.