முகப் பவுடருக்கு ஒரு நல்ல பிரஷ்

முகப் பவுடர் பிரஷ்ஷுக்கு மூன்று பாகங்கள்: முடிக்கற்றை, உலக்கைப் பூண் போல அதைக் கவ்விப் பிடிக்கும் உலோகப் பூண், கைப்பிடி. கடையில் முதலில் கண்ணை இழுப்பது கைப்பிடியின் மினுமினுப்பு. முகத்தில் வேலை செய்வதோ முடி. எத்தனை நாள் உழைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பூண். குறைந்த விலையில் வாங்குபவர் இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

கடலோர ஊருக்கு ஓர் உதாரணம்: புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் உள்ள தவளக்குப்பத்துக்குக் கடல் பக்கத்தில்தான். காற்றில் எப்போதும் ஈரம். காலையில் போட்ட பவுடர் மதியத்துக்குள் வியர்வையில் திட்டுத்திட்டாகிவிடும். இதற்குப் பவுடரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. டப்பாவோடு வரும் பஃப், தட்டையாக அழுந்தி ஒரே இடத்தில் நிறைய பவுடரை அப்பிவிடுகிறது. பிரஷ்ஷின் முடிகள் அதே பவுடரைப் பிரித்து மெல்லிய படலமாகப் பரப்பும். மெல்லிய படலம் வியர்த்தாலும் அவ்வளவாகத் திட்டாகாது.

முடியில் இரண்டு வகை. ஆடு, அணில், குதிரை போன்றவற்றின் முடிக்கு நுண்ணிய செதில் பரப்பு உண்டு. பவுடர் அதில் நன்றாகத் தங்கும். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்துக் குமானோ ஊர் இவ்வகை பிரஷ்களுக்குப் பேர் போனது. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற ஜப்பான் பெண்கள் கால்பந்து அணிக்கு, அரசு விருதுடன் குமானோ மேக்கப் பிரஷ்களே பரிசாகத் தரப்பட்டன. விலையும் அதற்கேற்றதுதான். நைலான், பாலியெஸ்டர் இழைகளால் ஆன செயற்கை முடி மலிவு. தண்ணீரை உறிஞ்சாது, சீக்கிரம் காயும். கடலோர ஊருக்கு இதுவே பொருத்தம். கீரி முடி என்று சொல்லி யாராவது விற்றால் வாங்கவே கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி பாதுகாக்கப்பட்ட விலங்கு. தூரிகைகளுக்காக அது கொல்லப்படுவதைத் தடுக்க 2019-இல் பல மாநிலங்களில் சோதனைகள் நடந்தன.

புதுச்சேரி காந்தி வீதியின் சண்டே மார்க்கெட்டிலோ ஃபேன்சி ஸ்டோரிலோ நேரில் வாங்குவதில் ஒரு லாபம் உண்டு: தொட்டுப் பார்க்கலாம். மணிக்கட்டின் உட்புறத்தில் முடியைச் சுழற்றினால் குத்தக் கூடாது. நுனி மெலிந்து முடியும் இழை மென்மையாக இருக்கும், மொட்டையாக வெட்டிய இழை உறுத்தும். முடியை விரல்களால் விரித்தால் அடியில் வெற்றிடம் தெரியக் கூடாது. லேசாக இழுக்கும்போது ஓரிரு முடி வரலாம். கொத்தாக வந்தால் பசை சரியில்லை. பூண் ஆடக் கூடாது. அதில் காந்தம் ஒட்டினால் அது இரும்பு; உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அலுமினியப் பூணில் காந்தம் ஒட்டாது.

பன்னிரண்டு பிரஷ் கொண்ட செட் மலிவாகத் தெரியும். பவுடர் மட்டும் போடுபவருக்கு அதில் பயன்படுவது ஒன்றோ இரண்டோதான். அதே காசுக்குக் குவிந்த தலையுள்ள பெரிய பவுடர் பிரஷ் ஒன்று வாங்குவதே புத்திசாலித்தனம். காம்பாக்ட் போடுபவருக்குக் குட்டையான, அடர்ந்த கபுகி பிரஷ் ஏற்றது.

பவுடர் போடும்போது முகத்தின் ஈரத்தையும் எண்ணெயையும் முதலில் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தின் மேல் போட்ட பவுடர் கட்டியாகும். சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அது படியும்வரை பொறுக்க வேண்டும். பவுடரை மூடியில் சிறிது கொட்டி, பிரஷ்ஷை அதில் சுழற்றி, கைப்பிடியை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அதிகப்படியானது உதிரும். எண்ணெய் வழியும் நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் முதலில் மெதுவாக ஒற்ற வேண்டும். தேய்த்தால் பவுடர் ஒரு பக்கமாகத் தள்ளப்படும். மிச்சத்தைக் கன்னத்தில் மேலிருந்து கீழாக வருடினால் பூனைமுடி எழும்பி நிற்காது.

பெரும்பாலோர் கோட்டை விடுவது கழுவுவதில். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம். வெதுவெதுப்பான நீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டு போதும். முடியைக் கீழ்நோக்கிப் பிடித்தே அலச வேண்டும். பூணுக்குள் நீர் புகுந்தால் பசை இளகி முடி உதிரும். துண்டில் ஒற்றி, வடிவம் திருத்தி, முடி மேசை விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கும்படி படுக்க வைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்தலாம். டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் நீர் நேராகப் பூணுக்குள் இறங்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரஷ் ஒரே இரவில் காயாமலும் போகலாம். அரைகுறையாகக் காய்ந்ததைப் பைக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். முகப்பரு உள்ளவர்கள் தங்கள் பிரஷ்ஷைப் பிறருக்குத் தரவும் கூடாது, பிறருடையதை வாங்கவும் கூடாது. கழுவிய பின்பும் வாடை போகாத பிரஷ் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் குப்பைக்குத்தான்.